லாரி சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நான் சைக்கிள் ஓட்டும் விதம் மாறியது

14 வருடமாக நகரத்துக்குள் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். கடைசி 3 வருடமாக வேலையே லாரி ஓட்டுவதாக ஆகிவிட்டது. முன்பு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன், அப்புறம் ஹெவி லைசென்ஸ் எடுத்தேன். காலையில் சைக்கிளில் கிளம்பி ஒரு பெரிய சந்திப்பைத் தாண்டிக் கிடங்குக்குப் போகிறேன், சைக்கிளைப் பூட்டுகிறேன், 10 மீட்டர் நீள லாரியை எடுத்துக்கொண்டு அதே சந்திப்புக்குத் திரும்பி வருகிறேன். ஒரு மணி நேரத்துக்குள் ஒரே இடத்தைத் தரையிலிருந்து ஒரு முறையும் லாரி கேபினிலிருந்து ஒரு முறையும் பார்க்கிறேன். அப்படிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன், வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இருப்பவர்கள் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதல் 11 வருடமும் எனக்கு ஒரே எண்ணம்தான். லாரிக்காரர்களும் பஸ்காரர்களும் நம்மைப் பார்க்கிறார்கள், பார்த்தும் கண்டுகொள்வதில்லை என்று. அந்தக் கோபத்துக்குக் காரணமும் இருந்தது. ஒரு நாள் சிக்னலில் நின்றிருந்த லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நுழைந்து முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பாதி தூரம் போயிருப்பேன், பச்சை விழுந்துவிட்டது. லாரி நகர்ந்தது, அதன் மூக்கு கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கியது, சரி நேராகத்தான் போகிறது என்று நானும் மிதித்தேன். அடுத்த நொடி முழுசாக இடப்பக்கம் திரும்ப ஆரம்பித்தது. பக்கவாட்டுப் பலகை என் தோளை நோக்கி வந்துகொண்டே இருந்தது, இடைவெளி சுருங்கிக்கொண்டே போனது. முன் சக்கரம் நடைபாதை விளிம்பில் மோத, சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு நடைபாதை மேல் தாவி விழுந்தேன். லாரியின் பின் சக்கரம் என் சைக்கிளின் பின் ரிம் மேல் ஏறி அதை மடித்துவிட்டுப் போனது. லாரி நிற்கவே இல்லை.

அந்த டிரைவரைப் பல வருடம் திட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு நான் அங்கே இருந்ததே தெரிந்திருக்காது என்பதை இப்போது கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். தெரியாது என்பதால் விஷயம் சின்னதாகிவிடாது. ஆனால் பார்த்தும் கண்டுகொள்ளாதவரிடமிருந்து தப்பிக்கும் வழி வேறு, பார்க்கவே முடியாதவரிடமிருந்து தப்பிக்கும் வழி வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் 11 வருடமும் தப்பான இடங்களில் போய் நின்றிருக்கிறேன்.

ஹெவி லைசென்ஸுக்குப் பயிற்சி கொடுத்த அண்ணன் வாழ்நாளில் பாதியை லாரியில் கழித்தவர். முதல் நாள் சாவியைத் தொடவே விடவில்லை. "தம்பி, சைக்கிளில்தானே வந்த? அதைத் தள்ளிக்கிட்டு வா" என்றார். நிறுத்தியிருந்த லாரியின் இடப்பக்கக் கதவுக்கு நேர் கீழே, ஒரு கை எட்டும் தூரத்தில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தச் சொன்னார். "இப்ப ஏறி உட்காரு. உன் சைக்கிள் எங்கே, சொல்லு."

ஏறி உட்கார்ந்தேன். பெரிய கண்ணாடியில் லாரியின் பக்கவாட்டு, பின் டயர், அதற்கும் பின்னால் வேலி, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கீழே இருந்த குவிந்த கண்ணாடியில் மைதானம் பாதி தெரிந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் பத்தடி தள்ளி இருந்த மண்மேடு தெரிந்தது. என் சிவப்பு சைக்கிளை மட்டும் காணவில்லை. அந்த லாரி பழையது, கதவுக்கு மேலே கீழ்நோக்கிப் பார்க்கிற கண்ணாடி அதில் இல்லை. "தெரியலை அண்ணே" என்றேன். "நல்லாப் பாரு" என்றார். பார்த்தேன், இல்லவே இல்லை. அப்புறம் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார். எங்கே கண்ணில் பட ஆரம்பிக்கிறதோ அங்கே நான் கத்த வேண்டும், அவர் சுண்ணாம்புப் பொடியால் தரையில் ஒரு புள்ளி வைப்பார். இடப்பக்கம், முன்பக்கம், பின்பக்கம் என்று சுற்றி முடிக்க அரை மணி நேரம் ஆனது. இறங்கிப் புள்ளிகளைக் கோடாக இணைத்துப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. முன் பம்பரின் இடது மூலையில் ஆரம்பித்துக் கதவைத் தாண்டிப் பின்னால் போகும் ஒரு பெரிய பட்டை. பம்பருக்கு முன்னால் இன்னொன்று. லாரிக்கு நேர் பின்னால் ஒரு நீண்ட செவ்வகம். கதவுப் பக்கத்துப் பட்டைக்குள் மட்டும் நாலைந்து சைக்கிளை நிறுத்தலாம். 11 வருடமும் சிக்னலில் நான் நின்ற இடம் அதுதான்.

கேபினில் டிரைவரின் கண் தரையிலிருந்து கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் இருந்தால் எல்லாம் நன்றாகத் தெரியும் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறோம். தூரத்தில் இருப்பது நன்றாகத்தான் தெரியும். பக்கத்தில் இருப்பதுதான் கதவுக்கும் டேஷ்போர்டுக்கும் கீழே மறைந்துவிடும்.

கண்ணாடி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புது லாரிகளில் இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி, அதற்குக் கீழே அகலப் பார்வைக் கண்ணாடி, இடது கதவுக்கு மேலே தரையைப் பார்க்கும் கண்ணாடி, முன் பம்பரைப் பார்க்கும் கண்ணாடி என்று 6 இருக்கும். 6 இருந்தால் எல்லாம் தெரிய வேண்டும் இல்லையா? ஆனால் பார்க்கிறவருக்குக் கண் இரண்டுதான், அவற்றாலும் ஒரு நேரத்தில் ஒரு கண்ணாடியைத்தான் பார்க்க முடியும். ஒவ்வொன்றுக்கும் அரை விநாடி கொடுத்தாலே சுற்றி வர 3 விநாடி. மணிக்கு 18 கிலோமீட்டரில் போகும் சைக்கிள் அந்த 3 விநாடியில் 15 மீட்டர் போய்விடும், அதாவது என் லாரியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு. முதல் கண்ணாடியைப் பார்க்கும்போது லாரிக்குப் பின்னால் எங்கோ இருந்த ஆள், கடைசிக் கண்ணாடிக்கு வருவதற்குள் கதவுக்குக் கீழே வந்துவிடுகிறார். போதாததற்குக் குவிந்த கண்ணாடி எல்லாவற்றையும் சின்னதாகவும் தூரமாகவும் காட்டும். மழை பெய்தால் கண்ணாடியில் ஒட்டிய ஒவ்வொரு துளியிலும் பின்னால் வரும் விளக்குகள் சிதறி மின்னும், அந்தக் கூட்டத்தில் சைக்கிளின் சின்ன விளக்கு எது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அதனால் இன்று லாரி ஓட்டும்போது எனக்கு நானே வைத்திருக்கும் முதல் விதி, கண்ணாடியில் ஆள் இல்லை என்பதால் அந்த இடத்தில் ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது. இடப்பக்கம் திரும்புவதற்கு முன் மூன்று முறை பார்க்கிறேன்: சந்திப்பு தூரத்தில் தெரியும்போதே ஒரு முறை, பிரேக் போடும்போது ஒரு முறை, ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்குச் சற்று முன் ஒரு முறை. மூன்றாவது முறை பார்க்கும்போது உடம்பை முன்னால் சாய்த்து, பின்னால் சாய்த்துப் பார்ப்பேன். பயிற்சியில் அண்ணன் தலையில் அடிக்காத குறையாகச் சொல்லிக்கொடுத்தது அது. முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கும் தூணும், அதை ஒட்டித் தொங்கும் பெரிய சைடு கண்ணாடியும் சேர்ந்து ஒரு முழு சைக்கிளையே மறைத்துவிடும். நம் வேகமும் அந்தச் சைக்கிளின் வேகமும் ஒத்துப்போனால் அது தூணுக்குப் பின்னாலேயே ஒளிந்தபடி கூட வந்துகொண்டிருக்கும். தலை நகர்ந்தால்தான் அது வெளியே வரும். இது வலப்பக்கத்துக்கும் பொருந்தும்.

இரண்டாம் நாள் பாடம் பின் சக்கரம். அண்ணன் மைதானத்தில் கால்வட்டமாக ஒரு வளைவு போட்டார். அந்தக் கோட்டின் மேலேயே முன் சக்கரம் போக வேண்டும். வளைவின் உள்பக்கம், கோட்டிலிருந்து ஒரு பெரிய எட்டு தூரத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலை மூடி போட்டு நிற்க வைத்தார். நான் கீழே நின்றேன், அவர் ஓட்டினார். முன் சக்கரம் கோட்டை விட்டு விலகவே இல்லை, பாட்டிலைத் தாண்டிப் போனது. பாட்டில் அசையாமல் நின்றது. அப்புறம் பின் சக்கரம் வந்தது, கோட்டுப் பக்கமே போகவில்லை, உள்ளே ஒதுங்கி வந்து நேராகப் பாட்டில் மேல் ஏறியது. மூடி தெறித்து என் காலருகே விழுந்தது. ஓட்டியவர் தலையை வெளியே நீட்டி, "ஏறிடுச்சா? எனக்கு இங்கே ஒண்ணுமே தெரியலை, ஒரு ஆட்டம்கூட இல்லை" என்றார்.

என் ரிம் மடிந்தபோது அந்த லாரிக்காரர் நிற்காமல் போனதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 6 மீட்டர் இருக்கிற வண்டி, 12 மீட்டர் நகரப் பேருந்து கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும், முன் அச்சை 10 மீட்டர் ஆரத்தில் வைத்து வட்டமாகச் சுற்றினால் பின் அச்சு 8 மீட்டர் ஆரத்தில்தான் சுற்றும். பிதாகரஸ் போட்டுப் பாருங்கள், 100-இல் 36 போனால் 64. அந்த 2 மீட்டர் வித்தியாசம்தான் உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. டிரைவர் ஒழுங்காக ஓட்டினாலும் வெட்டும், மெதுவாக ஓட்டினாலும் வெட்டும். டிரெய்லர் வைத்த வண்டியில் இது இன்னும் அதிகம். அதோடு கண்ணாடிகள் கேபினில் இருப்பதால் திரும்பும்போது கேபினோடு சேர்ந்து அவையும் திரும்பிவிடும், ஒரு கண்ணாடி முழுக்க டிரெய்லரின் பலகை நிறைந்திருக்கும், இன்னொன்று எங்கோ வானத்தையும் கட்டடத்தையும் காட்டிக்கொண்டிருக்கும்.

பின் சக்கரம் உள்ளே வெட்டும் என்பதால்தான் டிரைவர்கள் இடப்பக்கம் திரும்புவதற்கு முன் வலப்பக்கம் ஒதுங்குகிறார்கள். அப்படி ஒதுங்கும்போது இடப்பக்கம் ஒரு நல்ல அகலமான வழி திறக்கும். சைக்கிளில் இருப்பவருக்கு அது நமக்காகவே விட்ட வழி போலத் தெரியும். சந்திப்பில் ஒரு லாரி வலப்பக்கம் ஒதுங்கினால் அது இடப்பக்கம் திரும்பப் போகிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன், இண்டிகேட்டர் எரிந்தாலும் எரியாவிட்டாலும். இண்டிகேட்டர் பின்னால் மட்டும் எரியும் வண்டிகளில், அதன் பக்கவாட்டில் போய்விட்ட சைக்கிள்காரருக்கு அது தெரியப்போவதும் இல்லை.

பின்பக்கம் வெளியே வீசுவதையும் சொல்லிவிடுகிறேன். பின் அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் உடல், வண்டி ஒரு பக்கம் திரும்பும்போது எதிர்ப்பக்கம் வீசும். நிறுத்தத்திலிருந்து வலப்பக்கம் வெட்டிக் கிளம்பும் பஸ்ஸின் பின் இடது மூலை நடைபாதைப் பக்கம் வரும். அந்த மூலையை ஒட்டி சைக்கிளை நிறுத்தாதீர்கள்.

இனி சைக்கிள் ஓட்டும்போது நான் என்ன செய்கிறேன் என்பது.

பெரிய வண்டியின் இடப்பக்க இடைவெளியில் நுழைவதை முற்றிலும் நிறுத்திவிட்டேன். எவ்வளவு அவசரமாக இருந்தாலும், எவ்வளவு அகலமாகத் தெரிந்தாலும், அந்தப் பக்கம் சைக்கிள் பாதையே கோடு போட்டு வைத்திருந்தாலும் சரி. அப்படிக் கோடு போட்ட இடங்கள் உண்டு, நேராக லாரியின் மறைவுப் பகுதிக்குள் கொண்டுபோய் விடுகிற கோடுகள், அவற்றைப் போட்டவர்கள் ஒரு நாளாவது கேபினில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். நான் வண்டிக்குப் பின்னால், பாதையின் நடுவில், டிரைவரின் கண்ணாடி எனக்குத் தெரிகிற தூரத்தில் நிற்கிறேன். கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை என்றால் நிச்சயமாக என் முகம் அவருக்குத் தெரியாது. அவர் முகம் தெரிந்தால் அவருக்கு நான் தெரிய வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான், அவர் அந்த நேரம் வேறு எங்காவது பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சிக்னலில் கோட்டுக்கு முன்னால் சைக்கிளுக்கென்று கட்டம் போட்ட இடங்களில், பம்பரை ஒட்டி நிற்காமல் நாலு மீட்டராவது முன்னால் போய் நிற்கிறேன். நின்றதும் திரும்பி மேலே பார்க்கிறேன். டிரைவர் கண்ணைப் பார்த்தாலே பெரும்பாலும் தலையசைப்பார். பார்க்கவில்லை என்றால் கையை உயர்த்துகிறேன்.

இதெல்லாம் நாம் போய் நிற்கிற கதை. எனக்கு அதிகம் நடந்தது வேறு: நான் முதலில் வந்து ஓரமாக நிற்பேன், பெரிய வண்டி ஒன்று அப்புறம் வந்து என் பக்கத்தில் நிற்கும். நான் எந்தத் தப்பும் செய்யாமலேயே மறைவுப் பகுதிக்குள் மாட்டிக்கொள்வேன். முன்பெல்லாம் எனக்கு உரிமை இருக்கிறது என்று அப்படியே நின்றுகொண்டிருப்பேன். இப்போது உடனே இறங்கி நடைபாதை மேல் சைக்கிளைத் தூக்கி வைக்கிறேன், அல்லது இடம் இருந்தால் முன்னால் போய்விடுகிறேன். அந்த வண்டி போன பிறகு கிளம்பினால் போதும். இதைத் தவிர்க்க இன்னொரு பழக்கமும் வந்தது. சந்திப்பை நெருங்கும்போது ஓரத்தை விட்டு என் தடத்தின் நடுவுக்கு வந்துவிடுகிறேன், அப்போது பின்னால் வரும் வண்டி எனக்குப் பின்னால்தான் நிற்க முடியும், பக்கத்தில் வர முடியாது. சில பேர் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும், ஹாரன் அடிக்கிறவர் என்னைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

காதைப் பயன்படுத்துங்கள். பெரிய வண்டிகளில் காற்றால் இயங்கும் பிரேக். நின்றிருக்கும் லாரியிலிருந்து "புஸ்ஸ்" என்று காற்று விடும் சத்தம் வந்தால், அது டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கும் சத்தமாக இருக்கலாம், வண்டி நகரப் போகிறது. காற்றில் இருக்கும் ஈரத்தை வெளியேற்றும்போதும் அதே மாதிரி சத்தம் வரும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொண்டு நிற்காமல் விலகிவிடுவது நல்லது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போனால் இந்த ஒரு எச்சரிக்கையும் போய்விடும். மாறாக, நம் மணிச் சத்தம் கேபினுக்குள் கேட்கும் என்று நம்பாதீர்கள். ஜன்னலை ஏற்றிவிட்டால் எஞ்சின் சத்தத்தில் எனக்கு சைக்கிள் மணி ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

லாரிக்குப் பின்னால் காற்றுத் தடுப்புக்காக ஒட்டிக்கொண்டு போவதையும் விட்டுவிட்டேன். நானும் வருடக்கணக்கில் செய்ததுதான், மிதிப்பது எளிதாக இருக்கும். ஆனால் அந்த லாரியின் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே புகுந்து வரும் பள்ளம் நமக்குக் கடைசி நொடியில்தான் தெரியும், அதோடு லாரி சட்டென்று நின்றால் மோத வேண்டியதுதான்.

இரவில் விளக்கோடு சேர்த்து பெடலிலும் கணுக்காலிலும் ஒளி பிரதிபலிக்கும் பட்டை போடுங்கள். கேபினிலிருந்து பார்க்கும்போது நிலையான ஒரு சிவப்புப் புள்ளி என்னவென்றே புரியாது, தெருவிளக்கா, தூரத்து வண்டியா என்று தோன்றும். மேலும் கீழுமாக ஆடும் இரண்டு புள்ளிகளைப் பார்த்ததும் மனிதர் மிதித்துக்கொண்டு போகிறார் என்று மூளை சொல்லிவிடும். என் செலவில் மிகக் குறைவாகவும் பலனில் மிக அதிகமாகவும் இருந்தது அந்தப் பட்டைதான்.

இப்போது கேபின் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சைக்கிள்காரருக்கு மட்டும் புத்தி சொல்லி முடித்தால் அது அநியாயம். தவறு நடந்தால் அடிபடுவது சைக்கிள்காரர் மட்டும்தான், கேபினில் இருப்பவருக்கு ஒரு கீறலும் விழாது. பிரிட்டனின் சாலை விதிப் புத்தகத்தில் 2022 ஜனவரியில் சேர்த்த ஒரு விதி இதைத்தான் சொல்கிறது: யாரால் அதிகச் சேதம் விளையுமோ, ஆபத்தைக் குறைக்கும் பொறுப்பும் அவருக்கே அதிகம். லாரி ஓட்ட ஆரம்பித்த பிறகு இதை நான் இன்னும் உறுதியாக ஏற்றுக்கொள்கிறேன்.

ஓவர்டேக் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். லாரியின் அகலம் இரண்டரை மீட்டர், இரண்டு பக்கக் கண்ணாடியும் சேர்த்தால் 3 மீட்டருக்கு வந்துவிடும். சைக்கிள்காரர் ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போகிறார், ஹேண்டில்பாரில் பாதி 30 சென்டிமீட்டர், அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் விட வேண்டும். ஜெர்மனியில் ஊருக்குள் அந்த ஒன்றரை மீட்டர் 2020-லிருந்து சட்டமாகவே இருக்கிறது. கூட்டினால் ஐந்தரை மீட்டருக்கு மேல் வருகிறது. நகரச் சாலையில் ஒரு தடத்தின் அகலம் மூன்று, மூன்றேகால், மிஞ்சினால் மூன்றரை. அப்படியென்றால் அடுத்த தடத்துக்கு முழுசாகப் போகாமல் லாரியால் ஒரு சைக்கிளை முறையாகத் தாண்டவே முடியாது. "கொஞ்சம் ஒதுங்கித் தாண்டிடலாம்" என்பது கணக்கில் வராது.

நேரக் கணக்கும் அப்படித்தான். மணிக்கு 35 கிலோமீட்டரில் போகும் 10 மீட்டர் லாரி, 18 கிலோமீட்டரில் போகும் சைக்கிளை, பின்னால் ஐந்து மீட்டரும் முன்னால் ஐந்து மீட்டரும் விட்டுத் தாண்ட நாலரை விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் லாரி 45 மீட்டர் போயிருக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள், நானும்தான் ஆரம்பத்தில், கேபின் தாண்டியதும் தாண்டிவிட்டோம் என்று இடப்பக்கம் ஒடித்துவிடுகிறோம். சைக்கிள் அப்போது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இடப்பக்கக் கண்ணாடியில் சைக்கிளின் இரண்டு சக்கரமும், அதற்கு முன்னால் கொஞ்சம் தரையும் தெரிந்த பிறகே உள்ளே வர வேண்டும் என்று அண்ணன் சொல்வார்.

அதனால் இடப்பக்கம் திரும்ப வேண்டிய சந்திப்பு அருகில் இருந்தால் முன்னால் போகும் சைக்கிளை நான் தாண்டுவதே இல்லை. தாண்டி என்ன ஆகப்போகிறது, சிக்னலில் அவரே வந்து என் கதவுக்குக் கீழே நிற்பார். பின்னாலேயே போகிறேன், பத்து இருபது விநாடி போகும். பின்னால் இருக்கும் கார்கள் கத்தும். லோடு ஏற்றிய லாரியை நிறுத்திவிட்டு மறுபடி முதல் கியரிலிருந்து ஏற்றிக்கொண்டு வருவது எவ்வளவு சலிப்பான வேலை என்று இப்போது எனக்குத் தெரியும், நேரத்துக்கு இறக்காவிட்டால் வரும் பேச்சும் தெரியும். டிரைவர்கள் நெருக்குவதில் பாதி அங்கிருந்து வருகிறது. புரிகிறது, ஆனாலும் அதற்கு ஒரு சைக்கிள்காரர் விலை கொடுக்கக் கூடாது.

பிரேக்கைப் பற்றி. மணிக்கு 40 கிலோமீட்டரில் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் போகிறது. மூளைக்கு உறைத்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால் 11 மீட்டர் போச்சு. காற்று குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்க அரை விநாடி வரை ஆகலாம், இன்னொரு 5 மீட்டர் போச்சு. பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதற்கே 16 மீட்டர், அதாவது வரிசையாக நிறுத்திய ஒன்பது சைக்கிள் நீளம். நிற்பதற்கு அதற்கு மேல் எவ்வளவு என்பது லோடையும் சாலையையும் டயரையும் பொறுத்தது. லாரிக்கு முன்னால் சட்டென்று வெட்டி நுழையும் சைக்கிள்காரர்களும், சைக்கிளின் வாலைப் பிடித்துக்கொண்டு போகும் லாரிக்காரர்களும் இந்தக் கணக்கை ஒரு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்னால் போகிறவர் பள்ளத்தைப் பார்த்து விலகுவார், அது அவர் தப்பில்லை.

ஏர் ஹாரனை சைக்கிளுக்குப் பக்கத்தில் வைத்து அடிக்காதீர்கள். அடிபட்டதை விட அந்தச் சத்தத்தில் கை ஆடிப்போய் நான் தடுமாறியதுதான் அதிகம். இன்னொன்று, கையசைத்து "போ போ" என்று வழிவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் உங்கள் லாரி மறைத்துக்கொண்டிருக்கும் அடுத்த தடத்தில் வருகிற பைக் உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இவ்வளவையும் மனிதர்களின் கவனத்தை நம்பியே விட்டுவிட வேண்டியதில்லை. லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, டிரைவரால் ஜன்னல் வழியாக நேராக எவ்வளவு பார்க்க முடிகிறது என்று அளந்து பூஜ்யம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கிறார்கள். 2021 மார்ச்சில் அமலுக்கு வந்தது, 2024 அக்டோபரிலிருந்து மூன்று நட்சத்திரத்துக்குக் குறைவான வண்டி கூடுதல் கேமராவும் சென்சாரும் பொருத்தியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலைக்குப் பிறகு வரும் புது லாரி, பஸ் எல்லாவற்றிலும் பக்கவாட்டில் சைக்கிள் இருந்தால் டிரைவரை எச்சரிக்கும் கருவி கட்டாயம். ஜெர்மனியில் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டி ஊருக்குள், சைக்கிளோ நடந்து போகிறவர்களோ வரக்கூடிய இடத்தில், ஓரப் பக்கம் திரும்பும்போது ஆள் நடக்கும் வேகத்தில்தான் திரும்ப வேண்டும். இந்தக் கடைசி விதிக்கு ஒரு செலவும் இல்லை, இன்றே யாரும் பின்பற்றலாம். நான் பின்பற்றுகிறேன். நடை வேகத்தில் திரும்பினால் பின் சக்கரம் வெட்டுவது குறையாது, ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு விலக நேரம் கிடைக்கும், எனக்கு நிறுத்த நேரம் கிடைக்கும்.

லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே பக்கவாட்டுத் தடுப்புக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். வளைந்து கழன்றதை மறுபடி மாட்டாமலேயே ஓடுகிற வண்டிகளை நிறையப் பார்க்கிறேன். தடுமாறி விழுகிறவர் வண்டிக்கு அடியில் போகாமல் வெளியே தள்ளப்பட அந்தக் கம்பிதான் இருக்கிறது.

சைக்கிள் ஓட்டுகிற எல்லாரிடமும் நான் கேட்பது, தெரிந்த லாரி டிரைவரோ பஸ் டிரைவரோ இருந்தால், வண்டி நிற்கும்போது ஐந்து நிமிடம் அந்தச் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றால் அவர்களையும் ஏற்றிக் காட்டுங்கள். போன மாதம் என் அக்கா பையனைக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போய், நிறுத்தியிருந்த பழைய லாரியில் டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். அவனுக்கு 12 வயது, அவனுடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் கீழே நின்றேன். எல்லாக் கண்ணாடியையும் பார்த்தான், சீட்டிலேயே எழுந்து நின்று பார்த்தான், கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "மாமா, எங்கே போயிட்டீங்க?" என்று கத்தினான். நான் கதவுக்கு நேர் கீழே, கையை உயர்த்தினால் கைப்பிடியைத் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.